பாத்ரூம் வாசல்ல ஒரு ஸ்பீக்கர்

...அதனாலதான் சொல்றேன், அந்த ஏணிய அங்க வைக்காதீங்க தம்பி. இந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். கீழ பாருங்க, வெள்ளையா தெரியுதா? சாக்பீஸ் கோடு. அது அழிஞ்சுதுன்னா இன்னிக்கு முழுக்க எனக்கு அர்ச்சனைதான். நான் பெருக்கும்போதே அந்தக் கோட்ட சுத்தி வளைச்சு வளைச்சுத்தான் பெருக்கறேன். சொந்த வீட்டு ஹால்ல ஒரு விளக்குமாறு நேரா போக முடியல, சொன்னா யாராவது நம்புவாங்களா?

உக்காருங்க, உக்காருங்க. அவரு வர எப்படியும் அரைமணி ஆகும். சுவத்துல ஓட்டை போட்டு சொருகுற அந்த பிளாஸ்டிக் பிளக்கு, நீங்க எட்டு மில்லிமீட்டர் கொண்டாந்தீங்க, அவருக்கு ஏழு வேணுமாம். ஏழு தாங்காதுன்னு நீங்க சொன்னது என் காதுல விழுந்துது. அவரு காதுல விழுந்துதா? விழாது. அவரு காது படம் பாக்கறதுக்கு மட்டும்தான். இப்ப கடைக்காரர நிக்க வச்சு ஒவ்வொரு பிளக்கா அளந்துட்டு இருப்பாரு. பாவம் அந்தக் கடைக்காரர்.

ஐயோ, அந்த சோபாவுல வேண்டாம். அதுல நடுவுல பச்சையா வட்டமா ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு பாருங்க, அது அவரு எடம். அங்க உக்காந்தாத்தான் எல்லாச் சத்தமும் ஒரே நேரத்துல காதுக்கு வருமாம். ரெண்டு ஜாண் தள்ளி உக்காந்தா வராதாம். நான் எப்பவும் ரெண்டு ஜாண் தள்ளித்தான் உக்காருவேன். கல்யாணம் ஆகி இருபத்தொம்போது வருஷம், எனக்கு எல்லாமே கொஞ்சம் லேட்டாத்தான் வருது. நீங்க இந்த நாற்காலியில உக்காருங்க. டீ குடிங்க.

என்ன வேலை பாத்தாருன்னு உங்ககிட்ட சொன்னாரா? சொல்லியிருப்பாரு, பேரு சொல்றதுக்கு முன்னாடி அதத்தான் சொல்லுவாரு. நிலம் அளக்கற ஆபீஸ்ல சர்வேயர். முப்பத்திரண்டு வருஷம். இந்தப் பக்கம் உன்னுது, அந்தப் பக்கம் அவனுதுன்னு கல்லு நட்டுக் குடுத்த மனுஷன். ரிட்டயர் ஆகி பத்து மாசம் ஆச்சு. அந்த முதல் மூணு மாசம் நான் பட்ட பாடு தனிக் கதை, அத விடுங்க. அப்பத்தான் எங்க மக, அவ வேற ஊர்ல இருக்கா, "அப்பா சும்மா உக்காந்திருப்பாரே, நல்லா படமாவது பாக்கட்டும்"னு இந்த ஸ்பீக்கர் செட்ட ஆசையா வாங்கி அனுப்பி வச்சா.

கொண்டு வந்து இறக்கினவங்க இருபது நிமிஷத்துல மாட்டி, ஒரு பாட்டு போட்டுக் காட்டி, கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாங்க. நல்லாத்தான் கேட்டுது. எனக்கும் நல்லாக் கேட்டுது, அவருக்கும் நல்லாக் கேட்டுது. அந்த அட்டைப் பெட்டிக்கு அடியிலேந்து ஒரு சின்னப் புஸ்தகம் கிடைக்கற வரைக்கும்.

அதுல ஒரு படம் போட்டிருக்கான் தம்பி. மேலேந்து பாக்கற மாதிரி. ஒரு ஆளு மொட்டைத் தலையோட நடுவுல உக்காந்திருக்கான். அவன சுத்தி ஒரு வட்டம், வட்டத்து மேல அஞ்சு பெட்டி. முன்னாடி ரெண்டும் டிவியோட நடுவுலேந்து முப்பது முப்பது டிகிரி. பின்னாடி ரெண்டும் நூத்திப்பத்து நூத்திப்பத்து. அந்தப் படத்தப் பாத்ததும் அவரு முகத்துல ஒரு வெளிச்சம் வந்துது பாருங்க, எங்க கல்யாண ஆல்பத்துல தேடினாலும் அது கிடைக்காது. "கோணம் கேக்கறான்டி"ன்னாரு. அவ்வளவுதான். மச்சுலேந்து பெட்டி எறங்குது. நூலு, தூக்குக்குண்டு, கோணமானி, அம்பது மீட்டர் டேப்பு. இருபதடி ஹாலுக்கு அம்பது மீட்டர் டேப்பு.

உங்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. எனக்கு அந்தப் பேரெல்லாம் வாயில நுழையாது, நானே பேரு வச்சுட்டேன். டிவிக்குக் கீழ நீட்டமா படுத்திருக்கே, அது வாயாடி. படத்துல யாரு பேசினாலும் அதுலதான் வருது. முன்னாடி ரெண்டு பக்கமும் நிக்கறது அண்ணன், தம்பி. பின்னாடி ரெண்டும் ஒட்டுக்கேக்கறவங்க. மூலையில கெடக்குதே கறுப்பா, அது குண்டன். ஒரு வார்த்தை பேசாது, உறுமிக்கிட்டே இருக்கும். எல்லார் வீட்லயும் ஒருத்தர் அப்படி இருப்பாங்கல்ல?

மொதல்ல சோபா நகந்துது. சுவத்த ஒட்டி உக்காந்தா சத்தம் சுவத்துல முட்டித் திரும்பி வருமாம். சரின்னு ஒரு அடி இழுத்தாரு. அப்புறம் ரெண்டடி. அப்புறம் பாருங்க, ஹாலுக்கு நட்டநடுவுல வந்து நிக்குது, ரோட்டு நடுவுல மாடு நிக்கற மாதிரி. வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் கேக்கறாங்க, "வீடு காலி பண்றீங்களா?"ன்னு.

அப்புறம் முன்பக்கம் முப்பது டிகிரி. அண்ணன், தம்பி ரெண்டு பேரும் ஒழுங்கா நின்னுட்டாங்க. பின்பக்கம் நூத்திப்பத்து. வலது பக்கத்துக்காரன் பீரோ முன்னாடி வந்தான். பீரோ கதவு பாதிதான் தெறக்கும். பரவால்ல, கைய உள்ள விட்டுத் துழாவித் துணி எடுத்துக்கறோம். கைக்கு எது வருதோ அதான் அன்னிக்குச் சட்டை. இடது பக்கத்துக்காரன் எங்க வந்தான்னு கேளுங்க. இதோ, நேரா பாத்ரூம் வாசல்ல.

நான் சொன்னேன், "ஏங்க, ஒரு அடி தள்ளி வைங்களேன்." "ஒரு அடி தள்ளினா நூத்திநாலு டிகிரி." "நூத்திநாலு இருந்தா என்ன?" அதுக்கு அவரு என்னப் பாத்த பார்வை இருக்கே. பக்கத்து நெலத்துல ஆறு டிகிரி நீ எடுத்துக்கோன்னு நான் லஞ்சம் குடுத்த மாதிரி.

ஒரு உயரமான ஸ்டூலு, அதுக்கு மேல ஸ்பீக்கரு, வாசல அடைச்சுக்கிட்டு. பாத்ரூம் போகணும்னா ஸ்பீக்கரத் தூக்கணும், ஸ்டூல நகத்தணும், போகணும், வரணும், ஸ்டூல கோட்டுல வைக்கணும், ஸ்பீக்கர வைக்கணும். காலைல எந்திரிச்சதும் மனுஷன் செய்யற வேலையா தம்பி இது? நான் தண்ணி குடிக்கறதையே கொறச்சுட்டேன்.

எங்க அண்ணன் ஒரு நா வந்தாரு. வயிறு சரியில்ல, அந்தப் பக்கமா போனவரு அவசரத்துக்கு நம்ம வீட்டுக்கு வந்துட்டாரு. இவரு படம் பாத்துட்டு இருக்காரு. அண்ணன் செருப்பக்கூட கழட்டல, "தங்கச்சி, பாத்ரூம்"னாரு. இவரு சோபாவுலேந்தே சொல்றாரு, "மச்சான், ரெண்டு கையாலயும் தூக்குங்க. வயரு இடது பக்கம் வரணும். திரும்பி வைக்கறப்ப முன்னோரம் கோட்டுல உக்காரணும்." எங்க அண்ணனுக்கு நெத்தியெல்லாம் வேர்வை. தூக்கினாரு, எங்க வைக்கறதுன்னு தெரியல, இந்தப் பக்கம் பாத்தாரு, அந்தப் பக்கம் பாத்தாரு, ஸ்பீக்கரோட உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டாரு. வயரு நீளம் பத்துச்சு, அதான் பொழச்சாரு. அது குதிரச் சண்டைப் படம். பாத்ரூம் உள்ளேந்து அம்பது குதிர ஓடுது. இவரு வாசல்ல போயி நின்னுக்கிட்டு, "மச்சான், தண்ணி படாம பாத்துக்கங்க"ங்கறாரு. அண்ணன் வெளிய வந்து எங்க யாரு முகத்தையும் பாக்கல. நேரா போயிட்டாரு. அஞ்சு மாசம் ஆச்சு. போன் பண்ணா எடுக்கறாரு, நல்லா இருக்கியான்னு கேக்கறாரு, வாங்கண்ணான்னா மட்டும் லைன் கட் ஆயிடுது.

இன்னும் கொஞ்சம் டீ ஊத்தவா? பரவால்ல, இருக்கு.

அப்புறம் காது. ஸ்பீக்கரு காது ஒசரத்துல இருக்கணும்னு அந்தப் புஸ்தகம் சொல்லிடுச்சு. யாரு காதுன்னு சொல்லல. அதுதான் வினை. இவரு காதுக்கு வச்சா எனக்கு மேல போகுது, நான் கொஞ்சம் கட்டை, நீங்களே பாக்கறீங்க. சரி சராசரி எடுப்போம்னு முடிவு பண்ணாரு. மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தாங்க. மாப்பிள்ளை கல்யாணத்துக்கப்புறம் வீட்டுக்கு ரெண்டாவது தடவதான் வர்றாரு, இன்னும் பழகல, வாங்க மாமா போங்க மாமான்னு மரியாதையா உக்காந்திருக்காரு. இவரு டேப்ப எடுத்துட்டு வந்து, "மாப்பிள்ளை, அசையாம இருங்க"ன்னு தரையிலேந்து அவரு காது வரைக்கும் அளந்தாரு. அந்தப் புள்ள மூச்சு விடல. அப்புறம் "எதுக்கும் அந்தக் காதையும் பாத்துடுவோம்"னு மறுபக்கம். மக என்னைச் சமையக்கட்டுக்கு இழுத்துட்டுப் போயி, "அம்மா, அப்பாவுக்கு எதாவதா?"ன்னு கேக்கறா. நான் என்னன்னு சொல்ல? "இல்லடி, சராசரி எடுக்கறாரு"ன்னேன்.

கீழ் வீட்ல ஒரு நர்ஸம்மா இருக்காங்க. நைட்டு டூட்டி பாத்துட்டு வந்து பகல்ல தூங்கறவங்க. நல்லவங்க, ஒரு வார்த்தை அதிர்ந்து பேச மாட்டாங்க. அவங்க தலைக்கு நேர் மேலதான் நம்ம குண்டன். ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம், படத்துல ஏதோ புருஷன் பொண்டாட்டி சண்டை. கதவ யாரோ தட்டற சத்தம். தட்டறாங்க, தட்டறாங்க, தட்டிக்கிட்டே இருக்காங்க. இவரு என் கையப் புடிச்சுக்கிட்டாரு. "கேட்டியா? வலது பின்பக்கம். அப்படியே நம்ம கதவு மாதிரியே இருக்கு பாரு. கோணம் வந்துடுச்சுடி." எனக்கும் ஆச்சரியமாத்தான் இருந்துது. பத்து நிமிஷம் அந்தத் தட்டல ரெண்டு பேரும் ரசிச்சோம் தம்பி. அப்புறம் கரண்ட் போச்சு. படம் நின்னுடுச்சு. தட்டறது நிக்கல.

தெறந்தா நர்ஸம்மா. கண்ணு ரெண்டும் செக்கச்செவேல்னு. இவரு ஒரு மன்னிப்புக் கேப்பாருன்னு பாத்தா, "நீங்களா தட்டினீங்க?"ன்னு மூஞ்சி தொங்கிப் போச்சு அவருக்கு.

அதனால குண்டன வேற எடத்துக்கு மாத்தணும்னு ஆச்சு. புஸ்தகத்துல கடைசிப் பக்கம் ஒரு வழி போட்டிருக்கான். நீங்க கூட கேள்விப்பட்டிருப்பீங்க. குண்டனத் தூக்கி சோபாவுல, நம்ம உக்கார்ற எடத்துல வைக்கணுமாம். நம்ம தரையில நாலு கால்ல தவழ்ந்து போகணுமாம். எந்த மூலையில உறுமல் நல்லாக் கேக்குதோ அந்த மூலையில குண்டன வைக்கணுமாம். இவரு தவழ்ந்தாரு. எனக்கென்னன்னு பாத்துட்டு இருந்தேன். "நீயும் வா, ரெண்டு காது பத்தாது"ன்னாரு. எனக்கு முட்டி வலி வேற. சரி, ஒரேடியா முடிஞ்சாச் சரின்னு நானும் இறங்கினேன். காத்துக்காக வாசக்கதவத் தெறந்து வச்சிருந்தோம். நர்ஸம்மா, பாவம், அன்னிக்கு அப்படி வந்து கதவத் தட்டிட்டோமேன்னு சமாதானமா ஒரு தட்டுல பழம் நறுக்கி எடுத்துட்டு வந்திருக்காங்க. அவங்க பாக்கறாங்க. சோபா நடுவுல கறுப்பா ஒரு பெட்டி கம்பீரமா உக்காந்திருக்கு. அதச் சுத்தி நாங்க ரெண்டு பேரும் தவழ்ந்துட்டு இருக்கோம். பழத்த வாசல்லயே வச்சுட்டுப் போயிட்டாங்க. மறுநா மாடிப்படியில பாத்து மெதுவா கேட்டாங்க, "எதாவது தொலஞ்சு போச்சாக்கா?" "ஆமாம்மா, மானம்"னேன்.

சிரிக்காதீங்க. நீங்க சிரிப்பீங்க, உங்களுக்கென்ன.

அப்ப எல்லாம் ஒரு வழியா முடிஞ்சுது. ரெண்டு மாசம் ஆச்சு முடிய. அதுக்கப்புறம் ஆரம்பிச்சுது பாருங்க வேற ஒன்னு, அதுக்குத்தான் இன்னிக்கு நீங்களே வந்திருக்கீங்க. நாலு மாசமா, காலைல பத்து மணிக்கு இவரு டிவியப் போட்டா, "இல்லையே, எங்கயோ இடிக்குதே"ங்கறாரு. டேப்பு எடுத்து அளந்தா, ஏதாவது ஒன்னு நகந்திருக்கு. ஒரு நா முன்னாடி நிக்கற அண்ணன் ஸ்பீக்கரு ஒரு விரக்கடை உள்ள திரும்பியிருக்கான். இன்னொரு நா ஒட்டுக்கேக்கறவன் கோட்ட விட்டு வெளிய நிக்கறான். அதுக்குன்னு ஒரு நோட்டுப் போட்டுட்டாரு. தேதி, நேரம், எந்த ஸ்பீக்கரு, எந்தத் திசையில எவ்வளவு. பழைய ஆபீஸ் பழக்கம், அடியில கையெழுத்து வேற போடறாரு.

மொதல்ல குண்டன் மேல சந்தேகம், அது உறுமற அதிர்வுல நகருதுன்னு. குண்டன ரெண்டு நா அணைச்சு வச்சாரு. அப்பவும் நகந்துது. அப்புறம் எலின்னாரு. மாவத் தூவி வச்சாரு எலிக்கால் தெரியும்னு, நான் பெருக்கித் தள்ளினேன். அப்புறம் தரை சாய்வுன்னாரு. கோலிக்குண்டு உருட்டிப் பாத்தாரு, உருளல. கடைசியா கட்டடமே திரும்புதுன்னு ஒரு முடிவுக்கு வந்துட்டாரு. கொத்தனாரக் கூட்டிட்டு வந்தாரு. அவரு தூக்குக்குண்டு விட்டுப் பாத்து, "சுவரு உங்க தாத்தா காலம் வரைக்கும் நிக்கும் சார்"னாரு. "தாத்தா போயிட்டாரே"ன்னு இவரு. அப்படி ஒரு மணி நேரம் ஓடுச்சு.

அதனாலதான் இப்ப நீங்க. ஸ்டூலே வேண்டாம், சுவத்துல கை மாதிரி இரும்பு நீட்டி, ஸ்பீக்கர அதுல முடுக்கிடுவோம், அப்புறம் எப்படி நகரும்னு பாக்கலாம்னுட்டாரு. பாத்ரூம் வாசல்ல இருக்கறதும் கதவுக்குப் பக்கத்துச் சுவத்துலேந்து நீட்டிக்கிட்டு வந்துடும். எங்க அண்ணன் கூட இனிமே வரலாம். சந்தோஷப்பட வேண்டியதுதான? நல்லதுதான?

...தம்பி, ஒன்னு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தச் சுவரு சரியில்ல, உள்ள பொள்ளலா இருக்கு, ஆணி தாங்காதுன்னு அவருகிட்ட சொல்ல முடியுமா?

ஏன்னா... இல்ல, அது வந்து... எப்படிச் சொல்றது. நகத்தறது நான்தான்.

அப்படிப் பாக்காதீங்க. சொல்றேன். மொதல்ல அந்த மூணு மாசத்தச் சொல்லணும், விடுங்கன்னு சொன்னேனே. ரிட்டயர் ஆன மறுநா காலைல ஒம்போது மணிக்கு, எப்பவும் போல குளிச்சு, சட்டை போட்டு, பாக்கெட்டுல பேனாவச் சொருகி, செருப்பப் போட்டுட்டு வாசல் வரைக்கும் போயி நின்னாரு. கொஞ்ச நேரம் நின்னாரு. அப்புறம் வந்து செருப்பக் கழட்டினாரு. நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன். அதுக்கு அடுத்த நா சமையக்கட்டுக்கு வந்தாரு.

வந்தவரு போகல. அடுப்புக்கும் உப்பு டப்பாவுக்கும் நடுவுல நான் ஒரு நாளைக்கு முப்பத்தியாறு தடவ நடக்கறேனாம். எண்ணியிருக்காரு. டப்பாவெல்லாம் எடம் மாத்தி ஒவ்வொன்னுக்கும் சாக்பீஸ்ல வட்டம் போட்டாரு. கத்தி எந்தப் பக்கம் பாத்து இருக்கணும்னு அம்புக்குறி. நான் பாத்திரம் தேய்க்கறேன், பின்னாடி நின்னுக்கிட்டு, "எதிர்ப்பக்கமா சுத்தினா ரெண்டு நிமிஷம் மிச்சம்"ங்கறாரு. மிச்சம் பண்ணி நான் எங்க போகணும், சொல்லுங்க? இருபத்தொம்போது வருஷம் அந்த எட்டுக்கு எட்டு ரூமுல நான் ராணி தம்பி. பாட்டுப் பாடிக்கிட்டு, தோணினா அழுதுக்கிட்டு, என் இஷ்டத்துக்கு இருந்தேன். ஒரு நா பால் பொங்கற நேரத்துக்கு அவரு கடிகாரத்தப் பாத்துக்கிட்டு நிக்கறாரு. எனக்கு ஓன்னு கத்தணும் போல வந்துடுச்சு. மகளுக்குப் போன் பண்ணி, ஒரு மாசம் அங்க வந்து இருந்துக்கறேன்டின்னேன். பையக்கூட எடுத்து வச்சுட்டேன். அந்த வாரம்தான் இந்தப் பெட்டியெல்லாம் வந்து இறங்குச்சு. ரெண்டு மாசம் நிம்மதி. தவழ்ந்தாலும் நிம்மதி.

அப்புறம் ஒரு வெள்ளிக்கெழம, "எல்லாம் கச்சிதமா வந்துடுச்சு"ன்னு டேப்பச் சுருட்டி வச்சாரு. சனிக்கெழம படம் பாத்தாரு. ஞாயித்துக்கெழம பாத்தாரு. திங்கக்கெழம காலைல பத்து மணிக்கு சமையக்கட்டு வாசல்ல வந்து நின்னு, "இந்த ஜன்னல் எந்தத் திசை?"ன்னாரு.

செவ்வாக்கெழம நான் பெருக்கறேன். சத்தியமா தெரியாமத்தான் தம்பி, விளக்குமாறு ஸ்டூல் கால்ல இடிச்சுடுச்சு. லேசா திரும்பிடுச்சு. நான் கவனிக்கல. பத்து மணிக்கு டிவியப் போட்டாரு, "என்னமோ சரியில்லையே"ன்னாரு. டேப்பு வந்துது, நூலு வந்துது. மதியம் வரைக்கும் சமையக்கட்டுப் பக்கம் தலை வச்சுப் படுக்கல. நான் சூடா சாப்ட்டேன். ஜன்னல் பக்கத்துல உக்காந்து ஒரு தூக்கம் கூடப் போட்டேன். சாயங்காலம் வந்தாரு பாருங்க, சட்டையெல்லாம் தூசி, நெத்தியில வேர்வை, "கண்டுபுடிச்சுட்டேன், ரெண்டு டிகிரி"ன்னாரு. அந்த முகம் எனக்குத் தெரியும் தம்பி. வெயில்ல அளந்துட்டு வீட்டுக்கு வருவாரே, அந்த முகம். சாப்பாடு ரெண்டு மடங்கு போச்சு உள்ள.

மறுநா பெருக்கும்போது... நானே லேசா ஒரு தட்டு தட்டினேன்.

அப்படியே நாலு மாசம். தினம் வேணாம்னு பாப்பேன், வாரத்துக்கு நாலு நா. மனசு கேக்காம சில நா விட்டுடுவேன், அன்னிக்குன்னு பாத்து சமையக்கட்டுல எட்டிப் பாப்பாரு, ஒடனே ரெண்டு ஸ்பீக்கரா திருப்பிடுவேன். கொத்தனார் வந்தப்பதான் கொஞ்சம் பயமாப் போச்சு. ஆனா பாருங்க, ராவோட ராவா கல்ல நகத்தினவங்கள எல்லாம் முப்பத்திரண்டு வருஷம் கையும் களவுமாப் புடிச்ச மனுஷன், சொந்த வீட்டுக்குள்ள ஒரு விளக்குமாத்தக் கண்டுபுடிக்க முடியல. எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் பெருமைதான், பொய் சொல்லக் கூடாது.

இப்ப நீங்க நாலு திருகு திருகி முடுக்கிட்டுப் போயிடுவீங்க. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு அவரு எங்க வந்து நிப்பாரு? சொல்லுங்க. உங்க வீட்லயும் சமையக்கட்டு இருக்கும், அம்மா, சம்சாரம் எல்லாம் இருப்பாங்க. யோசிச்சுப் பாருங்க. அதனால சுவரு பொள்ளல்னு ஒரு வார்த்தை...

என்ன?

என்ன சொன்னீங்க? இருங்க. இருங்க. முடுக்கற மாதிரி இல்லையா? இது திரும்பற மாடலா? ஏன், அசையாத மாடலும் இருக்குல்ல, அதத்தான கொண்டாரச் சொல்லியிருக்கேன்னாரு என்கிட்ட? ...அவரே கேட்டாரா? போன்லயா?

எப்படிக் கேட்டாரு, அப்படியே சொல்லுங்க. ஒரு வார்த்தை விடாம.

...

"காலைல பெருக்கும்போது வீட்ல கொஞ்சம் திருப்புவாங்க, இறுக்கமா இருந்தா கை வலிக்கும்"னா? அவரா சொன்னாரு? "ஸ்டூலா இருந்தா குனியறாங்க, முட்டி வலி"ன்னா? ஒசரம்? ஒசரம் எவ்வளவு சொன்னாரு? சுவத்துல போட்டிருக்கற அந்தப் பென்சில் குறியா? இருங்க, நான் போயி நின்னு பாக்கறேன்.

...கை நேராப் போயி நிக்குது தம்பி. தூக்கவும் வேணாம், குனியவும் வேணாம்.

இது அவரு காது ஒசரம் இல்லையே. யாரு காதும் இல்ல. இதுல எப்படிப் படம் பாப்பாரு? மாப்பிள்ளை காத ரெண்டு பக்கமும் அளந்த மனுஷன்...

எத்தன நாளா தெரியுமாம்? அத கேக்கலையா நீங்க? கேட்டிருக்கணும்ல. அப்ப அந்த நோட்டு? அந்த மாவு? கட்டடம் திரும்புதுன்னு கொத்தனார வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் அவ்வளவு சீரியஸா... நானும் பக்கத்துல நின்னு, "ஆமாங்க, எனக்கும் லேசா சாயற மாதிரிதான் இருக்கு"ன்னு சொன்னேனே. என்ன கல்லுளிமங்கன் பாருங்க. நான் நடிக்கறேன்னு தெரிஞ்சு அவரு நடிச்சிருக்காரு, அவரு நடிக்கறது தெரியாம நான்... சே. டீ ஆறிப் போச்சு உங்களுக்கு. குடுங்க, சுட வச்சுத் தரேன். வேணாமா? இல்ல, கண்ணுல ஒன்னும் இல்ல, தூசி. நீங்க ஏணிய இழுத்தீங்கல்ல, அந்தத் தூசி.

சரி, கேளுங்க. சுவரு பொள்ளல்லாம் ஒன்னும் சொல்ல வேணாம். ஓட்டை போடுங்க. அந்த இடது பக்கத்த மட்டும் ஒரு நாலு விரக்கடை கீழ போடுங்க, எனக்கு இடது தோளு அவ்வளவு மேல எழும்பாது, அது அவருக்குத் தெரியாது. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. அவரு கேட்டா, கம்பி உள்ள ஓடுது, அதான் தள்ளிப் போட்டேன்னு எதாவது சொல்லுங்க. ஒரு வாரம் அளப்பாரு. அளக்கட்டும்.

படியில சத்தம் கேக்குது, அவருதான். ஏணி மேல ஏறுங்க, ஏறுங்க. அந்த டிரில்ல கையில புடிங்க.

வாங்க வாங்க. கிடைச்சுதா ஏழு? ...எட்டுதான் வாங்கிட்டு வந்தீங்களா? அது சரி. என்னது, இன்னும் ஒரு ஓட்டை கூடப் போடலையான்னு என்னக் கேக்கறீங்க? நான் என்ன பண்ணுவேன்? இந்தத் தம்பி வாயத் தெறந்தா மூட மாட்டேங்கறாருங்க. நானும் எவ்வளவு நேரந்தான் கேட்டுக்கிட்டே உக்காந்திருக்கறது?